பதினாலுக்கு உப்புத்தண்ணி

ஜூன் 2, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்பதெல்லாம் மனிதர்களுக்குத்தான். எலியின் மூத்திரப்பைக்குக் கிழமை தெரியாது. ஆய்வகத்தில் என்னோடு முறை மாற்றிக்கொள்ளும் நசீர், தன் தங்கை கல்யாணத்துக்குக் கீழக்கரை போய்விட்டான். ஆகவே காலை முறையும் எனக்கு, மாலை முறையும் எனக்கு.

இருபத்து நான்கு எலிகள். ஒவ்வொன்றுக்கும் மயக்க மருந்து கொடுத்து, கருவியால் ஒரே அளவில் ஓர் அடி அடித்து, முதுகுத்தண்டைக் காயப்படுத்தியது நாங்கள்தான். இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது, தானாக மூத்திரமும் போகாது. ஒரு கையில் ஏந்தி, மறுகைக் கட்டைவிரலால் அடிவயிற்றை இதமாக அழுத்தி நாம்தான் எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் கிருமி சேர்ந்து செத்துப்போகும். தங்கப் பதக்கம், முனைவர் பட்டம் எல்லாம் வாங்கிக்கொண்டு கோயமுத்தூர் வரை வந்து நான் பார்க்கிற உத்தியோகம் இது.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். நல்லதாகப் போயிற்று என்று ஜன்னலோரம் நகர்ந்துகொண்டேன்.

பட்டுக்கோட்டையிலிருந்து அம்மா போன். எதிர்வீட்டு மாமாவுக்கு முதுகுவலியாம், என்ன தைலம் தடவலாம் என்று கேட்கிறாள். நான் அந்த டாக்டர் இல்லை என்று ஆயிரத்தோராவது தடவை சொன்னேன். பேருக்கு முன்னால் டாக்டர் என்றுதானே போடுகிறாய், முதுகைப் பற்றித்தானே படிக்கிறாய், பின்னே என்ன என்கிறாள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஜூன் 5, புதன்

புதன்கிழமை மதிப்பெண் போடும் நாள். எலியை வட்டமான திறந்த தொட்டியில் விட்டு, நசீரும் நானும் இரண்டு பக்கம் நின்று பின்னங்கால்களைப் பார்க்க வேண்டும். அசைவே இல்லையென்றால் பூஜ்யம், நல்ல எலிபோல நடந்தால் இருபத்தொன்று. இருவர் மதிப்பெண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் குறைந்ததுதான் கணக்கில் ஏறும்.

பாதி எலிகளுக்குக் காயம்பட்ட ஒன்பதாம் நாள் ஸ்டெம் செல் செலுத்தியிருக்கிறது. மீதிப் பாதிக்கு வெறும் உப்புத்தண்ணி. எதற்கு எது என்று எனக்கும் தெரியாது, நசீருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்தால் கண் பொய் சொல்லும். செல் போட்ட எலி என்று தெரிந்துவிட்டால் அசையாத கால்கூட அசைகிற மாதிரி இருக்கும். விவரம் பக்கத்துக் கட்டடத்தில் புள்ளியியல் மைதிலி மேடத்தின் கணினியில் பூட்டிக் கிடக்கிறது. கடைசி மதிப்பெண் போட்ட பிறகுதான் திறப்பார். இந்த நிறுவனத்தில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படும் ஒரே சட்டம் இதுதான். அதனாலேயே எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை.

இன்று 14 நடந்தது. இழுத்துக்கொண்டு போகவில்லை. இடது பின்னங்காலை ஊன்றி, உடம்பைத் தாங்கி, அடியெடுத்து வைத்தது. நசீர் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், இருவரும் தனித்தனியாக ஒரே எண்ணை எழுதியிருந்தோம்.

எலிகளுக்குப் பெயர் வைப்பதில்லை என்பது என் கொள்கை. எல்லாம் பெட்டைகள், எல்லாவற்றுக்கும் எண் மட்டும்தான். 14-க்கு மாலையில் ஒரு துண்டு வாழைப்பழம் கொடுத்தேன். மற்றவற்றுக்கும் கொடுத்தேன், பாரபட்சம் என்று யாரும் சொல்லக் கூடாது.

ஜூன் 14, வெள்ளி

பேராசிரியர் ஞானசிகாமணி எங்கள் துறைத்தலைவர். பொய் சொல்ல மாட்டார். உண்மையை அப்படி நிறுத்தி வைப்பார், பொய் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். இன்று தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். 14 நடக்கும் வீடியோவைப் போட்டுக் காட்டி, “இது எங்க ஸ்டெம் செல் ஆய்வுல இருக்கற பதினாலாம் நம்பர் எலி” என்றார். சொல்லுக்குச் சொல் உண்மை. அதற்குச் செல் போனதா உப்புத்தண்ணி போனதா என்று யாருக்கும் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலமே திரையின் அடியில் ஓடுகிறது: முடமான எலி நடந்தது, கோவை விஞ்ஞானிகள் சாதனை. கீழே தொடர்பு எண் என்று என் செல்போன் எண். ஆய்வகத்து போன் மழையில் செத்துப் போய்விட்டதாம், அதனால் என்னுடையதைக் கொடுத்தாராம். என்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லையாம்.

ஜூன் 17, திங்கள்

விளங்கினாற்போலத்தான். மூன்று நாளாக போன் அடங்கவில்லை. ஒருவர் மூட்டுவலிக்குக் கேட்கிறார். ஒருவர் வழுக்கைக்கு. ஒருவர் எலி நடந்த நேரத்தைக் கேட்டார், ஜாதகம் குறிக்க. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எல்லோரிடமும் ஒரே பதில்: இது எலி, மனிதருக்கு இல்லை, மன்னிக்கவும். வைத்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் வைக்கவில்லை.

திருச்செங்கோட்டுப் பக்கம். பெயர் செங்கோட்டுவேல், வேலு என்றால் போதுமாம். போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஆப்பரேட்டராக வடக்கே போனவர். நாலு வருஷத்துக்கு முன் மத்தியப் பிரதேசத்தில் ரிக்கின் கோபுரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு உடைந்து உள்ளே தண்டுவடம் நசுங்கியிருக்கிறது. கால் இரண்டிலும் அசைவு இல்லை. தோளும் முழங்கையும் மடங்கும், மணிக்கட்டு நிமிரும், விரல்கள் மட்டும் பிடிக்காது. சக்கர நாற்காலி. இதையெல்லாம் வானிலை அறிக்கை மாதிரி சொன்னார். பிறகு, எலிக்கு யார் மூத்திரம் எடுக்கிறார்கள் என்று கேட்டார்.

இத்தனை பேரில் இதைக் கேட்ட ஒரே ஆள். நான்தான் என்றேன்.

“அப்ப நீங்களும் எங்கூட்டுக்காரியும் ஒரே சோலிதானுங்க. அவ எனக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா டியூப் போட்டு எடுக்கறா.”

வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

மறுபடியும் அவர். இந்தத் தடவை விஷயத்துக்கு வந்துவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு கை ஆபரேஷன் டாக்டர் இங்கே வருகிறாராம். முழங்கையில் வேலை செய்கிற தசைகளில் ஒன்றைப் பிரித்து, அதன் நாணைக் கொண்டுபோய்க் கட்டைவிரலில் கட்டிவிடுவார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையாவது பிடிக்கும். ஸ்பூன், டம்ளர், டியூப். வேலுவுக்கு ஜூலை பதினாறாம் தேதி குறித்திருக்கிறார்கள். இதை விட்டால் அடுத்த வருஷம், அதுவும் நிச்சயமில்லை.

நல்ல ஆபரேஷன், ஆயிரம் பேருக்குப் பலன் கொடுத்தது, யோசிக்காமல் பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் யோசிக்கிறார். உங்கள் செல் வந்து என் நரம்பு திரும்ப முளைத்தால் அந்தத் தசை அதன் இடத்தில் இருக்க வேண்டாமா, வெட்டி மாற்றிக் கட்டிவிட்டால் என்ன ஆவது என்கிறார். முட்டாள்தனமான கேள்வி இல்லை என்பதுதான் என் எரிச்சலுக்குக் காரணம். பாதி எலிகளுக்கு நாங்கள் போட்டது வெறும் உப்புத்தண்ணிதான் என்றேன்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அம்மிணி. அந்தப் பதினாலாம் நெம்பருக்குப் போட்டது செல்லா, உப்புத்தண்ணியா? செல்லுன்னா நான் காத்திருக்கறேன். உப்புத்தண்ணின்னா போய் வெட்டிக்கறேன்.”

எனக்குத் தெரியாது என்றேன். நம்பவில்லை. தெரியக் கூடாது என்று சட்டத்தை விளக்கினேன். கண் பொய் சொல்லும் கதையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, சரி, எப்போது தெரியும் என்றார். ஜூலை கடைசியில். அவருடைய தேதிக்கு அப்புறம்.

ஜூன் 23, ஞாயிறு

இரண்டு முறையும் நானே. நசீருக்குக் காய்ச்சல். வேலு அழைத்தார், எடுக்கவில்லை. கை முழுக்க எலி.

ஜூன் 27, வியாழன்

எடுத்தேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன்: எலிக்கு ஒன்பதாம் நாள் போட்டோம், உங்களுக்கு நாலு வருஷம் ஆகிவிட்டது, காயம் தழும்பாகி இறுகிப்போயிருக்கும், இரண்டும் ஒன்றில்லை. எலிக்கு விரலளவு தண்டுவடம், நீங்கள் மனிதர். நாளைக்கே 14-க்குச் செல்தான் என்று தெரிந்தாலும் அது உங்கள் வாசலுக்கு வர எத்தனை வருஷம் ஆகுமோ, வராமலே போகவும் போகலாம்.

“அப்ப என்னைய மறுக்கா ஒருக்கா ரிக்குல இருந்து தள்ளி உட்டுட்டு ஒம்பதாம் நாள் போடுங்க” என்கிறார்.

சிரிப்பு வந்துவிட்டது, அதுவும் எரிச்சல். என்னை எலியம்மிணி என்று வேறு கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். பதினாலு எப்படி இருக்கிறது, சாப்பிட்டதா, முன்னைவிட நன்றாக நடக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் விசாரணை. கூடப் பிறந்தவளைப் பற்றிக் கேட்கிற மாதிரி. நன்றாக நடக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். நடக்கிறது.

ஜூலை 3, புதன்

14, இரண்டு காலையும் ஊன்றித் தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தது. பதினொன்று போட்டோம், இருவரும். 9, 17, 20 ஆகியவையும் கொஞ்சம் தேறியிருக்கின்றன. மற்றவை இழுத்துக்கொண்டுதான் போகின்றன.

பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, நம்ம பதினாலு என்று பெருமையாகச் சிரித்தார். மாலையில் அவர் அறைக்குப் போய் வேலு விஷயத்தைச் சொன்னேன். வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருவர் கை ஆபரேஷனைத் தள்ளிப்போடப் பார்க்கிறார், நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று. நான் எங்கேயும் தவறாகச் சொல்லவில்லையே மித்ரா என்றார். இல்லை சார். அப்புறம் என்ன, அவருடைய டாக்டரைக் கேட்கச் சொல்லு என்றார்.

மைதிலி மேடத்தின் அறையைத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போக வேண்டும். இன்று இரண்டு தடவை தாண்டினேன். டீ குடிக்கத்தான் போனேன்.

ஜூலை 10, புதன்

மத்தியானம் புது எண்ணிலிருந்து அழைப்பு. வேலுவின் மனைவி பூங்கொடி. அவர் தூங்கும்போது பக்கத்து வீட்டு போனில் பேசுகிறாள். அழுவாள் என்று பயந்தேன், அழவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லச் சொல்கிறாராம். நாளை மறுநாளுக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

“அவருக்கு நடக்கோணும்னு ஆசைங்க. எனக்கு அத்தன பெரிய ஆசையெல்லாம் இல்லீங்க. டியூப்ப அவரே போட்டுக்கிட்டாருன்னா நான் மில்லுக்குப் போயிட்டு வந்துருவேன். நாலு வருசமா நாலு மணி நேரத்துக்கு மேல நான் எங்கீமே போனதில்லீங்க. எங்கப்பன் சாவுக்குப் போயிட்டுக்கூட பொணத்த எடுக்கறதுக்குள்ள திரும்பி ஓடியாந்தேன்.”

நீங்கள் எதற்கு என்னிடம் சொல்கிறீர்கள், நான் எலி பார்க்கிறவள் என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவர் இப்போது நீங்கள் சொன்னால்தான் கேட்பார் என்றாள். வைத்த பிறகு யார்மேல் கோபம் என்று எனக்கே விளங்கவில்லை. பேராசிரியர்மேல், தொலைக்காட்சிமேல், வேலுமேல், நன்றாக நடந்து தொலைத்த அந்தச் சனியன் 14 மேல்.

ஜூலை 12, வெள்ளி

வேலுவை நானே அழைத்தேன். முதல் தடவை நானாக அழைப்பது. அவர் பேச்சை ஆரம்பிக்கும் முன் சொல்லிவிட்டேன்.

“விவரம் தெரிஞ்சுபோச்சு. பதினாலுக்குப் போட்டது வெறும் உப்புத்தண்ணி. தானா நடந்திருக்கு, சில எலிக்கு அடி சரியா விழாது. நீங்க காத்திருக்காதீங்க. போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வாங்க.”

மின்விசிறி சுற்றுவது கேட்டது. பிறகு “சரிங்க அம்மிணி” என்று மட்டும் சொன்னார், வைத்துவிட்டார்.

எனக்கு எதுவும் தெரியாது. மைதிலி மேடத்தை நான் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். பாதிக்குப் பாதி எலிகளுக்கு உப்புத்தண்ணிதான், பூவா தலையா போட்டால்கூட இது உண்மையாக இருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆய்வின் விவரம் எதுவும் வெளியே போகவில்லை, ஏனென்றால் விவரமே என்னிடம் இல்லை. எந்தச் சட்டத்தையும் நான் மீறவில்லை. இதை மூன்று தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

பூங்கொடியிடமிருந்து குறுஞ்செய்தி. உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள்.

மாலை முறை நசீருடையது. நானும் போனேன், சும்மா.

ஜூலை 17, புதன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். முழங்கை வரை மாவுக்கட்டு.

14 சோம்பேறியாகிவிட்டது. பாதத்தைச் சரியாக ஊன்றவில்லை, இடுப்பு ஒரு பக்கம் சரிகிறது. நான் ஒன்பது போட்டேன், நசீர் பதினொன்று. வாதாடினான். முன்னால் நான் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டேனோ என்னவோ. குறைந்ததுதானே ஏறும், ஒன்பது ஏறியது.

ஜூலை 24, புதன்

கடைசி மதிப்பெண். மறுபடியும் நான் ஒன்பது, அவன் பதினொன்று. மற்ற இருபத்து மூன்றிலும் இருவருக்கும் வித்தியாசமே இல்லை. நசீர் பேனாவை மூடிவிட்டு, பதினாலிடம் மட்டும் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறீர்கள், அக்கா, அது உங்களை என்ன செய்தது என்றான்.

கண்ணாடியைத் துடை என்றேன்.

ஜூலை 26, வெள்ளி

இன்று முடித்தோம். தண்டுவடத்தை எடுத்து மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், எலி உயிரோடு இருந்தால் அது முடியாது. இது முதல் நாளே தெரிந்த விஷயம்.

14-ஐ நான் செய்கிறேன் என்று நசீர் சொன்னான். வேண்டாம் என்றேன். மயக்கம் வரும்வரை என் கையில்தான் இருந்தாள்.

ஜூலை 29, திங்கள்

மைதிலி மேடம் கணினியைத் திறந்தார். 9, செல். 17, உப்புத்தண்ணி. 20, செல்.

14, செல்.

பேராசிரியர் மேஜையைத் தட்டினார். நசீர் என் முதுகில் தட்டினான். மொத்தக் கணக்கைப் போட்டபோது தட்டல் நின்றது. செல் போட்டவை போடாதவற்றைவிடச் சற்றே மேல், சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லும் அளவுக்கு இல்லை. கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தேறியிருக்கும் என்றார் மேடம். எந்த எலியின் கடைசி மதிப்பெண்ணில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்று பார்த்தார். ஒன்றே ஒன்றுதான்.

சட்டத்தை மீறவில்லையாம். கண் பொய் சொல்லும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினேனே, என் வாயால் சொன்ன பொய்யையே என் கண் நம்பியிருக்கிறது. யாரோ சொல்லிக் கெட்டவர்கள் உண்டு. தானே சொல்லித் தானே கெட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 30, செவ்வாய்

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். 14 பற்றிய என் கடைசி இரண்டு மதிப்பெண்கள் செல்லாது, அதற்குப் போட்டது உப்புத்தண்ணி என்ற நினைப்பில் போட்டவை என்று.

“யார் சொன்னது உனக்கு?”

“யாரும் சொல்லல சார். நான்தான் சொன்னேன்.”

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க அரைமணி நேரமானது. ஒரு நோயாளியிடம் போய் ஆய்வைப் பற்றிப் பொய் சொன்னாயா என்று கத்தினார். ஆமாம் சார் என்றேன். என்னை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தொலைக்காட்சிக்கு நீங்கள் காட்டிய வீடியோதான் சார் ஆரம்பம் என்று நானும் கத்திவிட்டேன். வெளியே கேன்டீன்காரர் டீயோடு நின்றார், உள்ளே வரவில்லை.

எல்லா எலிகளின் கடைசி வீடியோக்களையும் ஒன்றும் தெரியாத வெளியாள் ஒருவரிடம் கொடுத்து மதிப்பிட வைப்பது, கட்டுரையில் காரணத்தையும் எழுதுவது என்று முடிவானது. அந்த வாக்கியத்தை நான்தான் எழுத வேண்டுமாம். எப்படி எழுதுவேன்?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வேலுவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். கட்டுப் போட்ட கையோடு படுத்திருக்கிற மனிதரை இப்போது எதற்குக் கலைப்பது? கட்டுப் பிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கட்டுப் பிரித்தாகிவிட்டதாம். பயிற்சி நடக்கிறதாம். பயிற்சியின்போது மனம் தளரக் கூடாது. அப்புறம் சொல்லலாம்.

செப்டம்பர் 11, புதன்

வெளியாளின் மதிப்பெண் வந்துவிட்டது. 14-க்குப் பதினொன்று. அதைச் சேர்த்தும் வித்தியாசம் கொஞ்சம்தான். செல் ஏதோ செய்கிறது, அதிகம் செய்யவில்லை, இன்னொரு தொகுதி எலிகள் வேண்டும். ஆக, அவர் காத்திருந்திருந்தாலும் ஒன்றும் வந்திருக்காது. ஆனால் நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை. உப்புத்தண்ணி என்று சொன்னேன்.

வேலு அழைத்தார். ஆய்வகத்துக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. அதாவது, சில நேரம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஆய்வகமெல்லாம் பொரி. நுண்ணோக்கிக்குச் சந்தனம், குளிர்பெட்டிக்கு மாலை, எல்லாம் சரி. முதுகுத்தண்டை உடைக்கிற கருவிக்கும் யாரோ வட்டமாகப் பொட்டு வைத்துவிட்டார்கள். துடையுங்கள் என்று சத்தம் போட்டேன். மேடம், இது இல்லாமல் நமக்கு ஏது ஆய்வு என்று சுத்தம் செய்கிற ராசாத்தியக்கா கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு வேலுவிடமிருந்து வீடியோ அழைப்பு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிக்னல் இல்லை என்று எப்படிச் சொல்வது? எடுத்தேன். இத்தனை மாதம் பேசியும் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். நினைத்ததைவிட இளைஞர், முன் வழுக்கை, நெற்றி நிறைய திருநீறு. பின்னால் பெரிய ரிக் வண்டி, கோபுரத்தில் வாழைக்கன்று கட்டியிருந்தது. பழைய கூட்டாளிகள் வடக்கேயிருந்து வந்தவர்கள், பூஜைக்கென்று வண்டியை அவர் வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்திருக்கிறார்கள். போனை அவர்களில் ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பாருங்க எலியம்மிணி” என்று வலது கையைத் தூக்கினார். மணிக்கட்டை நிமிர்த்தினார். கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து வந்து ஆள்காட்டி விரலின் பக்கத்தில் ஒட்டியது. யாரோ நீட்டிய தட்டிலிருந்து ஒரு சிட்டிகைக் குங்குமம் எடுத்தார். பாதி மடியில் கொட்டியது. மீதியைக் கொண்டுபோய் ரிக்கின் இரும்பில் வைத்தார். கூட்டாளிகள் கூச்சலிட்டார்கள்.

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே சொல்லியும்விட்டேன், நல்ல நேரம் பார்த்து. அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றேன். விவரம் தெரியாமலே சொன்னேன், பதினாலுக்குப் போட்டது செல்தான், உப்புத்தண்ணி இல்லை என்றேன்.

அவர் முகம் மாறவே இல்லை. “தெரியுமுங்க” என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

“தெரியாது, தெரியக் கூடாதுன்னு எத்தன நாளு எம்மேல எரிஞ்சு உழுந்தீங்க. ஜூலை கடைசின்னு நீங்கதான சொன்னீங்க? அப்பறம் பன்னெண்டாம் தேதியே தெரியும்னா? ரிக்கு ஓட்டறவனுங்க நான். சத்தத்த வெச்சே அடியில பாறையா தண்ணியான்னு சொல்லீருவேன். போன வெக்கறதுக்கு முன்னாடியே தெரியும், பொய்யின்னு.”

“அப்புறம் ஏன் போனீங்க?”

“அந்தச் சட்டத்தக் கட்டிக்கிட்டு அழுவற ஆளு, என்ர கைக்கோசரம் பொய்யே சொல்றீங்கன்னா, இந்தக் கை பொழைக்கற கைதான்னு பட்டுதுங்க.”

பதினாலு சௌக்கியமா என்றார். இல்லை, ஜூலையிலேயே போய்விட்டாள், நானேதான் என்றேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். பிறகு மறுபடி மணிக்கட்டை நிமிர்த்தி, இன்னொரு சிட்டிகை எடுத்து, முதல் பொட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இது அதுக்கு என்றார்.

பேச்சை மாற்ற வேண்டும்போல் இருந்தது. பூங்கொடி எங்கே என்று கேட்டேன். மில்லில் பூஜை, காலையிலேயே போய்விட்டாள், வர ஆறு மணி ஆகும் என்றார். காலையிலிருந்து ஆறு மணி வரையா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

“மத்தியானம் நானே எடுத்துட்டனுங்க” என்றார். “நீங்க எடுத்தாச்சா உங்க எலிகளுக்கு?”

புதுத் தொகுதி போன வாரம்தான் ஆரம்பித்தோம். மாலை முறை எனக்கு. இன்னும் இல்லை என்றேன்.

போய் எடுங்க, அதுகளும் பாவம் என்று சொல்லி வைத்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு போனேன்.